ஒன்ராறியோவில் முதன்முதலாகச் சாரதி அனுமதிப்பத்திரம் பெறுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாக வந்தவர்களுக்குப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், சாரதி அனுமதிப்பத்திரம் பற்றிய ஒரே சந்தேகங்களைப் பல பேரிடமிருந்து திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவரும் மதுரையிலிருந்து வந்தவரும் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். கேட்கிற விதம்தான் வேறு. ஆகவே கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டுவிட்டு, விடைகளை மட்டும் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். இவை ஒன்ராறியோ மாகாணத்துக்கும், சாதாரணக் கார் ஓட்டுவதற்கான ஜி வகுப்புக்கும் உரியவை. அல்பேர்ட்டாவில் இருக்கும் மைத்துனர் சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு மாகாணத்துக்கும் விதி வேறு.

ஊர் லைசென்ஸ் கையில இருக்கு. வந்த உடனே கார் ஓடலாமோ?

ஓடலாம், ஆனால் 60 நாட்களுக்குத்தான். நீங்கள் ஒன்ராறியோவில் குடியிருப்பவராக ஆன நாளிலிருந்து 60 நாட்கள் வரை, காலாவதியாகாத வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்துடன் இங்கே வாகனம் ஓட்டலாம். அதற்குப் பிறகு ஒன்ராறியோ அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டினால், அனுமதிப்பத்திரமே இல்லாதவர் ஓட்டியதாகத்தான் கொள்ளப்படும். அந்த 60 நாட்களுக்குள்ளும், ஓட்டுகிற கார் உறவினருடையது என்றால், அவருடைய காப்புறுதி உங்களையும் உள்ளடக்குகிறதா என்று அவரது காப்புறுதி நிறுவனத்திடம் முதலில் கேட்டுவிட வேண்டும்.

இந்த 60 நாட்களைப் பலர் அவகாசமாக எண்ணி, வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வேலை என்று எல்லாம் முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில் வருகிறார்கள். ஊரிலிருந்து வரவேண்டிய தாள்களுக்கே சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், முதல் வாரத்திலேயே தொடங்குவது நல்லது. விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்குவது அதைவிட நல்லது.

இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்திட்டுத்தான் வந்தனான். அது ஒரு வருசத்துக்குச் செல்லும்தானே?

குடியேறியவருக்குச் செல்லாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்பது உங்கள் ஊர் அனுமதிப்பத்திரத்தின் மொழிபெயர்ப்பு போன்றது. தனியே நின்று அது எந்த உரிமையையும் தராது. அதில் ஒரு வருடம் என்று அச்சிடப்பட்டிருந்தாலும், மேலே சொன்ன 60 நாள் எல்லையை அது நீட்டாது.

அது பயன்படுவது சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு. பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் தங்கள் நாட்டு அனுமதிப்பத்திரத்தோடு மூன்று மாதங்கள் வரை ஓட்டலாம். அதற்கு மேல் தங்கி ஓட்டுவதென்றால் சொந்த நாட்டிலேயே எடுத்த சர்வதேச அனுமதியும் வேண்டும்.

ஜி1, ஜி2, ஜி எண்டு சொல்லினம். மூண்டுக்கும் என்ன வித்தியாசம்?

1994 முதல் ஒன்ராறியோவில் அனுமதிப்பத்திரம் படிப்படியாகவே வழங்கப்படுகிறது. கண் பரிசோதனையிலும் எழுத்துப் பரீட்சையிலும் தேறினால் ஜி1. இது பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு பழகுவதற்கானது. முதலாவது வீதிப் பரீட்சையில் தேறினால் ஜி2. தனியே ஓட்டலாம், ஆனால் உடம்பில் மதுவோ கஞ்சாவோ துளியும் இருக்கக் கூடாது. நெடுஞ்சாலையும் அடங்கிய இரண்டாவது வீதிப் பரீட்சையில் தேறினால் முழுமையான ஜி.

முன்னனுபவம் எதுவும் இல்லாதவர் ஜி1 எடுத்தபின் 12 மாதங்கள் காத்திருந்தே ஜி2 பரீட்சைக்குப் போக முடியும். அதன்பின் இன்னொரு 12 மாதங்கள் கழித்தே ஜி பரீட்சை. இந்த முழுப் பயணத்தையும் ஐந்து வருடங்களுக்குள் முடிக்க வேண்டும். முன்னனுபவம் உள்ளவர்களுக்கு இந்தக் காத்திருப்பு எப்படிக் குறையும் என்பது கீழே வருகிறது.

எழுத்துப் பரீட்சையை தமிழ்ல எழுத முடியுமா?

முடியும். தமிழ் உட்படப் பல மொழிகளில் அது நடத்தப்படுகிறது. எல்லா நிலையங்களிலும் எல்லா மொழிகளும் இருப்பதில்லை என்பதால், போகிற டிரைவ்டெஸ்ட் நிலையத்தில் (சாரதிப் பரீட்சைகளை நடத்தும் இடம்) தமிழ் உண்டா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 40 கேள்விகள்: வீதி விதிகளில் 20, வீதிக் குறியீடுகளில் 20. ஒவ்வொரு பகுதியிலும் 16 சரியாக இருக்க வேண்டும். ஒன்றில் 20 எடுத்து மற்றதில் 15 எடுத்தால் தேறியதாகாது.

ஆங்கிலம் ஓரளவு வாசிப்பவர்களுக்கு நான் ஆங்கிலத்தையே சொல்வேன். தமிழ்ப் பரீட்சையில் வரும் மொழிபெயர்ப்பு நடை, ஊரில் நாம் பேசும் தமிழாகவும் இருப்பதில்லை, பாடநூல் தமிழாகவும் இருப்பதில்லை; கேள்வி என்ன கேட்கிறது என்று புரிந்துகொள்வதற்கே இரண்டு தரம் வாசிக்க வேண்டியிருக்கும். தவிரவும், படிக்க வேண்டிய அரசாங்கக் கைநூல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கிறது. வீதியில் நிற்கும் பலகைகளும் ஆங்கிலம்தான். ஆனால் ஆங்கிலத்தில் தடுமாறும் அம்மா அப்பாவை இதற்காக வீட்டில் இருத்தி வைக்கத் தேவையில்லை. தமிழில் எழுதித் தேறியவர்கள் ஏராளம்.

முதல் நாள் போகும்போது என்னென்ன எடுத்துட்டுப் போகணும்? எவ்வளவு கட்டணும்?

உங்கள் சட்டபூர்வமான பெயர், பிறந்த தேதி, கையொப்பம் ஆகிய மூன்றையும் காட்டும் மூல ஆவணங்கள் வேண்டும். கடவுச்சீட்டு, நிரந்தர வதிவிட அட்டை அல்லது வதிவிட உறுதிப் பத்திரம், கல்வி அனுமதி, வேலை அனுமதி என்பவற்றில் உங்களிடம் இருப்பதை எல்லாம் எடுத்துச் செல்லுங்கள்; நகல்களை ஏற்க மாட்டார்கள். ஊர் அனுமதிப்பத்திரத்தையும் முகவரிச் சான்று ஒன்றையும் உடன் வைத்திருங்கள். கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடு போகலாம். இரண்டு கண்ணும் திறந்த நிலையில் 20/50 பார்வை இருந்தால் போதும், அனுமதிப்பத்திரத்தில் கண்ணாடி அணிய வேண்டும் என்ற நிபந்தனை சேர்க்கப்படும்.

கட்டணம் 159.75 டொலர். எழுத்துப் பரீட்சை, ஒரு ஜி2 வீதிப் பரீட்சை, ஐந்து வருட அனுமதிப்பத்திரம் மூன்றும் இதில் அடக்கம். ஜி2 பரீட்சையில் தவறினால் மறுபடி எழுத 53.75 டொலர், ஜி பரீட்சைக்குத் தனியாக 91.25 டொலர். எழுத்துப் பரீட்சைக்கு முன்பதிவு தேவையில்லை, நேரே போகலாம்.

நான் அகதிக் கோரிக்கை வச்சிருக்கிறன். பாஸ்போர்ட் இமிகிரேஷன்காரரிட்ட. எனக்கும் தருவினமோ?

தருவார்கள். கோரிக்கை முடிவாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. குடிவரவுத் திணைக்களம் உங்களுக்குத் தந்த, படத்துடன் கூடிய அகதிக் கோரிக்கையாளர் ஆவணத்தின் மூலப் பிரதியைக் கொண்டுபோங்கள். வேலை அனுமதி வந்திருந்தால் அதையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். இரண்டிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். பிழை இருந்தால் அதைத் திருத்த வேண்டிய இடம் குடிவரவுத் திணைக்களம். டிரைவ்டெஸ்ட் ஊழியரோடு வாதாடிப் பயனில்லை.

லண்டனில இருந்து வந்த தம்பி ஒரு பரீட்சையும் எழுதாமல் ஜி எடுத்தவன். எனக்கு மட்டும் ஏன் இந்த அலைச்சல்?

பிரித்தானியா, பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், அமெரிக்கா போன்ற சில நாடுகளோடு ஒன்ராறியோ பரிமாற்ற ஒப்பந்தம் செய்திருக்கிறது. அந்நாட்டு அனுமதிப்பத்திரத்தோடு கடந்த மூன்று வருடங்களில் இரண்டு வருட அனுபவத்தைக் காட்டுபவர், அதைக் கொடுத்துவிட்டு முழு ஜி பெற்றுக்கொள்ளலாம். கண் பரிசோதனை மட்டும் உண்டு. இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. ஓட்டும் திறமையை வைத்துப் போட்ட பட்டியல் அல்ல அது. அரசாங்கங்களுக்கு இடையிலான உடன்பாடு. அவர் பிறந்த நாடு எது என்பதும் இங்கே கணக்கில்லை, அனுமதிப்பத்திரம் வழங்கிய நாடுதான் கணக்கு. ஆகவே பரிஸிலோ பேர்ளினிலோ சில காலம் இருந்து, அங்கே அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டு வந்தவர்கள், இலங்கை அட்டையை நீட்டாமல் அந்த அட்டையை நீட்ட வேண்டும். இதை அறியாமல் எழுத்துப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பவர்களை இப்போதும் காண்கிறேன்.

பன்னிரண்டு வருஷம் சென்னை டிராஃபிக்ல ஓட்டியிருக்கேன். நானும் ஜி1 எடுத்து ஒரு வருஷம் காத்திருக்கணுமா?

கண் பரிசோதனையும் எழுத்துப் பரீட்சையும் உங்களுக்கும் உண்டு. அவற்றில் தேறி ஜி1 எடுத்தே ஆக வேண்டும். ஆனால் அதற்குப் பிறகான காத்திருப்பை முன்னனுபவம் குறைக்கும். ஒரு வருடத்துக்குக் குறைவான அனுபவம் என்றால், அத்தனை மாதங்கள் 12-இலிருந்து கழியும்: ஏழு மாத அனுபவம் உள்ளவர் ஐந்து மாதம் காத்திருப்பார். ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்தால், ஜி1 கிடைத்தவுடனேயே ஜி2 வீதிப் பரீட்சைக்குப் பதிவு செய்யலாம். இரண்டு வருடங்களுக்கு மேல் என்று நிரூபித்தால், ஜி2-ஐத் தாண்டி நேரே ஜி பரீட்சைக்கே போகலாம்.

இதில் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன. முதலாவது, கணக்கில் எடுக்கப்படுவது கடந்த மூன்று வருடங்களுக்குள் பெற்ற அனுபவம்தான். பன்னிரண்டு வருடங்கள் ஓட்டியிருந்தாலும், கடைசி நான்கு வருடங்களாக அனுமதிப்பத்திரம் காலாவதியாகிக் கிடந்தால் அது இங்கே பூச்சியம். இரண்டாவது, 12 மாதங்களுக்கு மேற்பட்ட அனுபவத்தை வாயால் சொன்னால் போதாது, அட்டையைக் காட்டினாலும் போதாது. அனுமதிப்பத்திரம் வழங்கிய திணைக்களமோ, உங்கள் நாட்டுத் தூதரகமோ, துணைத் தூதரகமோ தன் உத்தியோகபூர்வக் கடிதத் தாளில் எழுதி உறுதிப்படுத்த வேண்டும்.

ஆகவே உங்கள் பன்னிரண்டு வருடங்களுக்கு இங்கே என்ன மதிப்பு என்பதை முடிவு செய்வது அந்த ஒற்றைத் தாள்தான். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் கடிதம் இல்லாமல் காத்திருக்க, மூன்று வருடம் முன்பு பழகியவர் கடிதத்தோடு வந்து முந்திப் போவதைப் பார்க்கும்போது அநியாயமாகத்தான் தோன்றும். அனுபவத்தை அறிவிக்க வேண்டியது விண்ணப்பிக்கும்போதே என்பதால், கடிதம் வந்து சேரும் வரை இரண்டு வாரம் பொறுத்துப் போவதில் தவறில்லை.

அந்தக் கடிதத்தை எங்க எடுக்கிறது? அதில என்ன எழுதியிருக்க வேணும்?

இந்தியாவில் எடுத்தவர்கள், அனுமதிப்பத்திரம் வழங்கிய ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து ஓட்டுநர் உரிம விவரப் பிரதி (டி.எல். எக்ஸ்ட்ராக்ட்) பெறலாம். இதற்கான விண்ணப்பத்தைப் பரிவாகன் இணையதளத்தின் சாரதி பகுதியிலேயே தொடங்க முடியும். ஏற்கெனவே இங்கே வந்துவிட்டவர்கள் ரொறன்ரோவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் வழியாக முயலலாம். இலங்கையில் எடுத்தவர்களுக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். அனுமதிப்பத்திரப் பிரிவு வேரஹெரவில் இருக்கிறது. ஊரில் இருக்கும் அண்ணனோ மாமாவோ போய் எடுப்பதென்றால், நீங்கள் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் ஒன்றும் கடவுச்சீட்டு நகலும் அனுப்பி வைத்தால் அவர் வெறுங்கையோடு திரும்பி வரும் வாய்ப்பு குறையும்.

கடிதம் கைக்கு வந்ததும், அதை உறையில் வைப்பதற்கு முன் சிலவற்றைப் பாருங்கள். முழுப் பெயர், பிறந்த தேதி, அனுமதிப்பத்திர எண், எந்த வகை வாகனத்துக்கு, அந்த வகைக்கு முதன்முதலில் வழங்கப்பட்ட தேதி, காலாவதித் தேதி ஆகிய எல்லாம் இருக்க வேண்டும். இவற்றில் அடிக்கடி விடுபடுவது முதன்முதலில் வழங்கப்பட்ட தேதி. புதுப்பித்த அட்டையில் பெரும்பாலும் கண்ணில் படுவது புதுப்பித்த தேதிதான். 2009-இல் எடுத்து 2024-இல் புதுப்பித்தவருடைய கடிதத்தில் 2024 மட்டும் இருந்தால், கவுண்டரில் இருப்பவருக்கு அவர் 2024-இல் பழகியவர். கடிதம் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லையென்றால் ஏற்கத்தக்க மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பும் சேர வேண்டும். நகலோ வாட்ஸ்அப் படமோ செல்லாது. மூலக் கடிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

லைசென்ஸ்ல எஸ். குமார்னு இருக்கு. பாஸ்போர்ட்ல அப்பா பேரையும் சேர்த்துப் போட்டிருக்காங்க. பிரச்சினை வருமா?

வரக்கூடும். தலைப்பெழுத்து என்னும் வழக்கம் இங்குள்ள ஊழியர்களுக்குப் பழக்கமில்லை, அவர்களுக்கு எஸ். குமார் ஒருவர், குமார் செல்வராஜ் இன்னொருவர். ஒன்ராறியோ அனுமதிப்பத்திரம் உங்கள் கடவுச்சீட்டிலும் குடிவரவு ஆவணத்திலும் உள்ள பெயரில்தான் வரும். எனவே முந்தைய கேள்வியில் சொன்ன கடிதத்தைக் கேட்டு விண்ணப்பிக்கும்போதே, கடவுச்சீட்டு எண்ணையும் அதில் உள்ள முழுப் பெயரையும் குறிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். தலைப்பெழுத்து மட்டும் உள்ள அனுமதிப்பத்திரத்தை ஊரை விட்டு வருவதற்கு முன்பே திருத்திக்கொள்ள முடிந்தால் மிகவும் நல்லது. அங்கே ஒரு விண்ணப்பத்தோடு முடிகிற காரியம், இங்கிருந்து செய்தால் மாதக் கணக்கில் இழுக்கும்.

ஊரில எனக்கு மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் மட்டும்தான். அதையும் கணக்கில எடுப்பினமோ?

கார் வகுப்புக்கு எடுக்க மாட்டார்கள். மோட்டார் சைக்கிள் இங்கே எம் என்னும் தனி வகுப்பு.

ஆட்டோமேட்டிக் கார்ல டெஸ்ட் எடுத்தா, கியர் வண்டி ஓட்டக் கூடாதா?

ஓட்டலாம். சில நாடுகளில் உள்ளது போல ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு ஜி வகுப்பில் இல்லை.

ஜி1 எடுத்திட்டன். பக்கத்தில மனுசி இருந்தால் ஓடலாம்தானே? அவவிட்ட ஜி2 இருக்கு.

முடியாது. பக்கத்தில் இருப்பவர் முழு ஜி வைத்திருப்பவராகவும், குறைந்தது நான்கு வருட ஓட்டுநர் அனுபவம் உள்ளவராகவும் இருக்க வேண்டும். முன் இருக்கையில் அவர் ஒருவரே இருக்கலாம். நள்ளிரவிலிருந்து காலை 5 மணி வரை ஓட்டக் கூடாது. 401, 404, 407 போன்ற 400 தொடர் நெடுஞ்சாலைகளுக்கும், டொன் வலி பார்க்வே, கார்டினர், கியூ.ஈ.டபிள்யூ. போன்ற வேகச் சாலைகளுக்கும் போகக் கூடாது. உரிமம் பெற்ற பயிற்றுநர் பக்கத்தில் இருந்தால் மட்டும் போகலாம்.

இங்கே ஒரு நுட்பமான சந்தேகமும் எழும்: 60 நாட்கள் முடியுமுன்னரே ஜி1 எடுத்துவிட்டால், மீதி நாட்களில் ஊர் அனுமதிப்பத்திரத்தைக் காட்டித் தனியே ஓட்டலாமா? ஜி1 கைக்கு வந்த நாளிலிருந்து அதன் நிபந்தனைகளே உங்களுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு நடப்பதுதான் பாதுகாப்பு. விபத்து ஒன்று நடந்த பிறகு எந்த அட்டையின்படி ஓட்டினீர்கள் என்று காப்புறுதி நிறுவனத்தோடு வாதாடும் நிலை உங்களுக்கு வரக் கூடாது. வேலைக்குப் போகக் கார் கட்டாயம் தேவைப்படுபவர், கடிதத்தை முதலில் எடுத்து, எழுத்துப் பரீட்சைக்கும் வீதிப் பரீட்சைக்கும் இடையிலான இடைவெளி குறுகும்படி திட்டமிடுவது நல்லது.

டிரைவிங் ஸ்கூல் கட்டாயமா? ஒரு இடத்துல சர்டிஃபிகேட் மட்டும் தர்றேன்னு சொல்றாங்க.

கட்டாயமில்லை. போக்குவரத்து அமைச்சு அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் புதிய ஓட்டுநர் பயிற்சியை முடித்தால், முன்னனுபவம் இல்லாதவரின் 12 மாதக் காத்திருப்பு 8 மாதமாகும்; காப்புறுதியிலும் சில நிறுவனங்கள் சலுகை தரும். அந்தப் பயிற்சி குறைந்தது 40 மணித்தியாலங்கள்: 20 வகுப்பில், 10 காரில், 10 இரண்டுக்கும் பொதுவாக. வகுப்புக்கு வராமலே சான்றிதழ் தருகிறோம் என்பவர் உங்களுக்கு விற்பது பொய்ச் சான்றிதழ். பின்னர் அது பிடிபட்டால் சிக்குவது அதில் பெயர் உள்ளவர்.

முன்னனுபவத்தால் காத்திருப்பே நீங்கியவருக்கு இந்த 40 மணித்தியாலப் பயிற்சியால் நாள் மிச்சமில்லை. அவர்களுக்கு நல்ல பயிற்றுநர் ஒருவரிடம் சில பாடங்கள் போதும். ஏன் அந்தச் சில பாடங்களும் தேவை என்பது இரண்டு கேள்விகள் தள்ளி வருகிறது.

எனக்கு மூணு வருஷத்துக்குக் கடிதம் வந்திருச்சு. நேரா ஜி போகலாமா, ஜி2 போறது நல்லதா?

நேரே ஜி-க்குப் போவது ஒரே ஒரு முயற்சிக்கான சலுகை. முதல் முயற்சியில் தவறினால் ஜி2 பரீட்சைக்குத் திரும்ப வேண்டும். அதைவிட, பலர் எதிர்பாராத தடை ஒன்று உண்டு: ஜி பரீட்சை தொடங்குவதற்கு முன், கடந்த மூன்று மாதங்களில் நெடுஞ்சாலையில் எத்தனை தடவை ஓட்டினீர்கள், சராசரியாக எவ்வளவு தூரம் என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த அனுபவம் போதாதென்றால் பரீட்சை நடக்காது, கட்டணத்தில் பாதியும் போய்விடும். ஆனால் ஜி1 வைத்திருப்பவர் 400 தொடர் நெடுஞ்சாலைகளுக்கே போகக் கூடாது என்று மேலே பார்த்தோம். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள ஒரு வழி, உரிமம் பெற்ற பயிற்றுநரோடு 401-இல் ஓடிப் பழகுவது. ஜி-க்கு நேரே போகிறவர் அதற்கான செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

என் அபிப்பிராயம் இது: பனிக்காலத்துக்கு முன் தனியே ஓட்ட வேண்டியிருக்கிறது, வீதி வலப்பக்கத்துக்கு மாறியது இன்னும் கைக்குப் படியவில்லை என்றால், ஜி2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜி2-இல் தனியே நெடுஞ்சாலையிலும் ஓடலாம்; அன்றாட வாழ்வுக்கு அது போதும். அமெரிக்காவிலோ வளைகுடாவிலோ பல வருடம் வலப்பக்கமாக ஓட்டிப் பழகியவர்கள் துணிந்து ஜி-க்குப் போகலாம்.

எங்கட சித்தப்பா இருபது வருசம் வான் ஓடினவர். டெஸ்ட்டில ரெண்டு தரம் ஃபெயில். ஏன்?

காரை ஓட்டத் தெரியாததால் அல்ல. பரீட்சகர் பார்ப்பது கார் எங்கே போகிறது என்பதை மட்டுமல்ல, உங்கள் தலை எங்கே திரும்புகிறது என்பதையும். ஒழுங்கை மாறும்போதும், திரும்பும்போதும், ஓரத்திலிருந்து கிளம்பும்போதும் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிக் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தையும் பார்க்க வேண்டும். அனுபவசாலிகள் கண்ணை மட்டும் ஓட்டி அதை முடித்துவிடுவார்கள். பார்த்தது உண்மைதான், ஆனால் பரீட்சகருக்கு அது தெரியவில்லை.

அடுத்தது நிறுத்தற் பலகை. நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் சக்கரம் முழுவதுமாக நிற்க வேண்டும். வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, யாரும் இல்லை என்று கண்டு, முன் சக்கரம் மெல்ல உருண்டுகொண்டிருக்கும்போதே பிரேக்கை விட்டுவிடுவதுதான் நம்மவர்களின் வழக்கம். உள்ளே இருப்பவருக்கு நின்றது போலவே இருக்கும். கார் நின்றதும் உடம்பு இருக்கையின் பின்புறம் லேசாகச் சாய்வதை உணரும் வரை பிரேக்கை விடாதீர்கள். சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பலாம் என்பது உண்மை, தடைப் பலகை இல்லாத இடத்தில், முழுமையாக நின்ற பிறகு. (மொன்றியல் தீவில் அதுவும் கூடாது, அங்கே உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் நினைவில் வைக்கவும்.)

மூன்றாவது, வழிவிடுதல். ஊரில் யார் முந்தி மூக்கை நுழைக்கிறாரோ அவருக்கு வழி. இங்கே நான்கு பக்கமும் நிறுத்தற் பலகை உள்ள சந்தியில் முதலில் வந்து நின்றவருக்கு வழி. ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கம் இருப்பவருக்கு. பாதசாரிக் கடவையில் நடப்பவர் வீதியை முழுவதுமாகக் கடந்து முடியும் வரை நிற்க வேண்டும் என்பது 2016 ஜனவரி முதல் சட்டம். பள்ளிப் பேருந்தின் மேல்பகுதியில் சிவப்பு விளக்குகள் மின்னினால், நடுவில் தடுப்புத் திட்டு இல்லாத வீதியில் இரண்டு திசை வாகனங்களும் நிற்க வேண்டும். பின்னால் வருபவர் 20 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். முதல் தடவையே 400 முதல் 2,000 டொலர் வரை அபராதமும் ஆறு குற்றப் புள்ளிகளும் விழும். பரீட்சையில் இது நேர்ந்தால் அத்தோடு முடிந்தது.

வலம் இடம் மாறுவதில் வரும் பிழை, வாகனங்கள் நெருக்கமாக ஓடும் வீதியில் பெரும்பாலும் வராது. முன்னால் போகும் கார் வழிகாட்டிவிடும். வெறிச்சோடிய தரிப்பிடத்திலிருந்து வெளியே வரும்போதும், ஆளில்லாத சந்தியில் இடப்பக்கம் திரும்பும்போதும்தான் கை பழைய பக்கத்துக்குப் போகும். பயிற்சியை அதிகாலையில் வெறும் வீதியில் செய்து பாருங்கள்.

டெஸ்ட்டில சொல்லுற இங்கிலீசு விளங்காட்டி என்ன செய்யிறது?

வீதிப் பரீட்சையில் பரீட்சகர் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் வழி சொல்வார். அவர் சொல்வது ஒரு சிறிய தொகுதி: வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு, ஒழுங்கை மாறு, ஓரமாக நிறுத்து, இரண்டு கார்களுக்கு இடையே நிறுத்து, மூன்று அசைவில் திருப்பு. பயிற்றுநரிடம் கடைசி இரண்டு பாடங்களையும் முழுக்க ஆங்கிலத்திலேயே நடத்தச் சொல்லிக் கேளுங்கள். விளங்காவிட்டால் திருப்பிச் சொல்லும்படி கேட்கலாம். தவறான பக்கம் திரும்பிவிட்டாலும், பாதுகாப்பாகத் திரும்பியிருந்தால் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. திடீரென்று பிரேக் போட்டுத் திருத்த முயல்வதுதான் ஆபத்து.

லிண்ட்சே, பீற்றர்பரோ பக்கம் போனால் லேசா பாஸ் பண்ணலாமாம். உண்மையோ?

பரீட்சையின் அளவுகோல் மாகாணம் முழுவதும் ஒன்றுதான். சிறிய ஊர்களில் நெரிசல் குறைவு, சில வேளை முந்திய தேதி கிடைக்கும், அவ்வளவே. அதற்கு ஈடாக, நீங்கள் ஒரு தரமும் ஓட்டிப் பார்க்காத வீதியில், காலையில் ஒன்றரை மணிநேரப் பயணக் களைப்போடு, வேக எல்லை அடிக்கடி மாறும் இடத்தில் பரீட்சை எழுதுவீர்கள். வீட்டுக்குக் கிட்ட உள்ள போட் யூனியன் நிலையத்திலோ மெட்ரோ ஈஸ்ட் நிலையத்திலோ ஒரு மாதம் பிந்தித் தேதி கிடைத்தாலும் அதையே எடுப்பேன். தேதி பிடித்துத் தருகிறோம் என்று காசு கேட்பவர்களிடம் அனுமதிப்பத்திர எண்ணைக் கொடுக்காதீர்கள். முன்பதிவை இணையத்தில் நீங்களே செய்யலாம். வர முடியாமற் போனால் 48 மணித்தியாலத்துக்கு முன் ரத்துச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கட்டணத்தில் பாதி போகும்.

அறுபது நாள் முடிஞ்சுது. பக்கத்துக் கடைக்குத்தானே, பிள்ளையைக் கூப்பிடத்தானே போறன்?

அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டியதற்கு அபராதம் 200 முதல் 1,000 டொலர் வரை. அதோடு நின்றால் தப்பினீர்கள். அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டிய காருக்குக் காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுக்கலாம். காப்புறுதியே இல்லாத காரை ஓட்டினால் முதல் தடவைக்கே 5,000 முதல் 25,000 டொலர் வரை அபராதம். கார் உங்கள் மாமனாருடையது என்றால், உங்களுக்குத் தந்ததற்காக அவரும் வழக்கில் சிக்குவார்.

டிரைவ்டெஸ்ட்ல ஏத்துக்கிட்ட அனுபவக் கடிதத்தை இன்சூரன்ஸ்லயும் ஏத்துக்குவாங்களா?

அது தனிக் கணக்கு. அமைச்சு உங்கள் அனுபவத்தை ஏற்றது காத்திருப்பைக் குறைப்பதற்காக. கட்டணத்தை நிர்ணயிப்பது காப்புறுதி நிறுவனம். சில நிறுவனங்கள் வெளிநாட்டு அனுபவத்தை ஓரளவு ஏற்கும், சில உங்களை நேற்றுப் பழகியவராகவே பார்க்கும். ஆகவே ஒரே முகவரோடு நின்றுவிடாமல் பலரிடம் விசாரியுங்கள். ஊரில் உங்கள் காருக்கு இருந்த காப்புறுதி நிறுவனத்திடமிருந்து, எத்தனை வருடம் காப்புறுதி இருந்தது, இழப்பீடு கோரப்பட்டதா என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி வைத்திருப்பது பயன்படலாம்.

ஸ்காபரோ, பிரம்டன் முகவரிகளுக்குக் கட்டணம் அதிகம் என்று, வேறு ஊரில் இருக்கும் உறவினரின் முகவரியைக் கொடுக்கும் பழக்கம் நம்மவர்களிடம் பரவலாக உண்டு. அது பொய்த் தகவல். விபத்துக்குப் பின் விசாரணையில் தெரிந்தால், அதுவரை கட்டியதும் வீண், கிடைக்க வேண்டியதும் போய்விடும். வீடு மாறினால் ஆறு நாட்களுக்குள் அனுமதிப்பத்திர முகவரியை மாற்ற வேண்டும் என்பதும் சட்டம்.

ஜி1 எடுத்து நாலரை வருசமாச்சு. ஜி2 வச்சே ஓடிக்கொண்டிருக்கிறன். ஜி எடுக்காமல் விட்டால் என்ன?

ஐந்து வருடம் முடிந்ததும் உங்கள் ஜி2 காலாவதியாகும்; அன்று முதல் ஓட்ட முடியாது. காலாவதியாவதற்கு முன்பாயின், ஜி பரீட்சையில் தேறி முடிக்கலாம். அல்லது ஜி2-ஐத் தக்கவைக்கும் பரீட்சையில் தேறி, கட்டணம் கட்டி, இன்னும் ஐந்து வருட அவகாசம் பெறலாம். இரண்டையும் செய்யாமல் விட்டால், கண் பரிசோதனை, எழுத்துப் பரீட்சை, ஜி1 என்று மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வீதிப் பரீட்சைத் தேதிகள், குறிப்பாகக் கோடையில், வேகமாக நிரம்பிவிடும் என்பதால், நாலரை வருடம் என்பது ஏற்கெனவே பிந்திய நேரம். இந்த வாரமே பதிவு செய்யுங்கள். காலாவதி நெருங்கும்போது அமைச்சிடமிருந்து அறிவித்தல் வரும் என்பது உண்மைதான், ஆனால் அது உங்கள் அனுமதிப்பத்திரத்தில் பதிவான முகவரிக்கே போகும்.